அத்தனை நாடு தாண்டும் ரைனைச் சுத்தமாக்கினார்கள், ஒரே நாட்டுக்குள் ஓடும் களனியை ஏன் முடியவில்லை?

முகத்துவாரம்_டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வடகொழும்பில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறேன். போன கிழமை தரம் 10 பிள்ளைகளுக்கு ரைன் நதியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். சுவிஸ் மலையில் தொடங்கி, லீக்டன்ஸ்டைன், ஒஸ்ரியா எல்லைகளைத் தொட்டு, ஜேர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து என்று சுமார் 1,230 கிலோமீற்றர் ஓடி வடகடலில் விழுகிறது. ஒரு காலத்தில் ஐரோப்பாவின் சாக்கடை என்று பெயர் வாங்கியது, இன்று ஆட்கள் இறங்கி நீந்துகிறார்கள் என்று சொல்லி வாய் மூடவில்லை, கடைசி வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பியது.

"டீச்சர், அத்தனை நாட்டுக்காரரும் சேர்ந்து ஒரு ஆற்றைத் துப்புரவாக்கினது என்றால், எங்கட களனி ஒரு நாட்டுக்குள்ளதானே ஓடுது? அது இன்னும் லேசு இல்லையா?"

வகுப்பே சிரித்தது. அடுத்த பாடத்தில் சொல்கிறேன் என்று தப்பிவிட்டேன். எங்கள் மாடி வகுப்பறையில் நின்றால் களனி கடலில் விழும் இடம் தெரியும். மேலே மழை பெய்து இரண்டு நாளில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் போத்தலும் ரெஜிபோமும் சேர்ந்து வரும். வருடாவருடம் சிரமதானம் வைக்கிறோம், மூட்டை மூட்டையாக அள்ளுகிறோம், படம் எடுக்கிறோம். அடுத்த மழையோடு கரை பழையபடி.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: ரைன்காரர்கள் உண்மையில் முதலில் என்ன செய்தார்கள்? சட்டமா, காசா, மெஷினா? "மக்களிடம் விழிப்புணர்வு வந்தது" என்று எழுதியிருக்கும் கட்டுரைகள் நிறைய வாசித்துவிட்டேன். தயவுசெய்து அதை மட்டும் சொல்ல வேண்டாம்.

கொட்டாஞ்சேனை_07:

டீச்சர், அவர்களிடம் காசு இருந்தது, எங்களிடம் இல்லை. கேள்வி முடிந்தது. பிள்ளைகளை ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போகாமல் வீட்டுக்கு ஒரு நல்ல ஃபில்டர் வாங்கிப் போடச் சொல்லுங்கள். எந்த பிராண்ட் என்று வேறு ஒரு இழையில் எழுதியிருக்கிறேன்.

பாசல்_பழசு:

டீச்சருக்கு வணக்கம். இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறேன். வயதின் பெரும்பகுதி போனது சுவிஸில், பாசல் நகரில், ரைனுக்குக் கூப்பிடு தூரத்தில். 83க்குப் பிறகு கிளம்பிய கூட்டத்தில் நானும் ஒருவன். ரெஸ்ரோரண்ட் குசினியில் கோப்பை கழுவித் தொடங்கிச் சமையல்காரனாக முடித்தேன். விஞ்ஞானம் படித்தவன் இல்லை. ஆனால் அந்த ஆற்றுக்காக ஆட்கள் பிடித்த சண்டைகளை அங்கே இருந்த காலம் முழுக்கக் கேட்டவன். பத்திரிகையை எழுத்துக்கூட்டி வாசித்து ஜேர்மன் பழகினதே அந்தச் செய்திகளில்தான்.

முதலில் கொட்டாஞ்சேனைத் தம்பிக்கு. காசு இருந்தது, உண்மை. ஆனால் அந்தக் காசு அதற்கு முன்னும் இருந்ததே! உலகம் முழுக்க மருந்து விற்ற கம்பனிகள் இருக்கிற பாசல், 1980களின் தொடக்கத்தில்தான் தன் பெரிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டத் தொடங்கியது. அதுவரை வீட்டுக் கக்கூசும் ஃபக்டரிச் சாயமும் ஆற்றுக்குத்தான். காசு வைத்திருப்பவன் தானாகச் செலவழிப்பான் என்று நினைக்காதீர்கள்.

இனி எல்லோரும் சொல்கிற தீ. 1986 நவம்பர் 1, சனிக்கிழமை. நாலு பெடியள் ஒரு அறையில் படுத்திருந்தோம். விடியப்புறம் நாலு மணிக்குக் கிட்ட ஊர் முழுக்கச் சைரன் ஊதியது. நாங்கள் எங்கேயிருந்து போனவர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவன் கட்டிலுக்குக் கீழே போய்விட்டான். ரேடியோவில் ஏதோ சொல்கிறார்கள், எங்களுக்கு அரைகுறைதான் விளங்குகிறது. கீழ்வீட்டுக் கிழவி வந்து ஜன்னலைப் பூட்டு, வெளியே போகாதே என்று கையால் காட்டிவிட்டுப் போனாள். கூழ்முட்டை மணம். ஊருக்கு வெளியே சுவைட்ஸர்ஹாலேயில் ஒரு இரசாயனக் கம்பனியின் களஞ்சியம் எரிந்துகொண்டிருந்தது. ஆயிரத்து முன்னூறு தொன்னுக்கு மேல் பூச்சிமருந்தும் மற்றச் சாமானும் உள்ளே. ஏழு மணியளவில் ஆபத்து நீங்கிவிட்டது என்று அறிவித்தார்கள்.

ஆபத்து அப்போதுதான் ஆற்றில் இறங்கியிருந்தது. தீயணைத்த தண்ணீரைப் பிடித்து வைக்கத் தொட்டி கிடையாது. தண்ணீர் மருந்தையும் கழுவிக்கொண்டு ரைனுக்குள் போனது. சாயமும் சேர்ந்ததில் ஆறு சிவப்பு. பாசலிலிருந்து கீழே நானூறு கிலோமீற்றர் வரைக்கும் விலாங்கு மீன் செத்து ஒதுங்கியது, ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் என்று கணக்குச் சொன்னார்கள். ஜேர்மனியிலும் நெதர்லாந்திலும் குடிதண்ணீர் எடுக்கிற வாசல்களை அவசரமாகப் பூட்டினார்கள்.

அடுத்த வருடமே, 1987இல், ரைன் செயல்திட்டம் வந்தது. 1985இல் விழுந்த முக்கிய நச்சுகளை 1995க்குள் பாதியாக்க வேண்டும், 2000ஆம் ஆண்டுக்குள் சமன் மீன் (கடலிலிருந்து ஆற்றில் ஏறி வந்து முட்டையிடும் சல்மன்) திரும்பி வர வேண்டும். பார்த்தீர்களா, ஒரு தீ எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று கட்டுரைகள் இங்கே முடியும்.

நான் அதை முழுதாக நம்புவதில்லை. தீ பிடிக்கிற நேரத்தில் ஒரு மேசையும் சுற்றிவரக் கதிரைகளும் ஏற்கெனவே இருந்தன. ரைன் ஆணைக்குழு 1950 ஜூலையில் பாசலில்தான் முதல் தரம் கூடியது. சுவிஸ், பிரான்ஸ், ஜேர்மனி, லக்ஸம்பேர்க், நெதர்லாந்து. யுத்தம் முடிந்து ஐந்து வருடம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காத காலம். 1963இல் பேர்ண் நகரில் முறையான ஒப்பந்தம். சரி, அத்தனை வருடமும் என்ன செய்தார்கள்? பெரும்பாலும் அளந்தார்கள். சுவிஸ்காரன் போத்தலும் நெதர்லாந்துக்காரன் போத்தலும் ஒரே முறையில் நிரம்ப வேண்டும், ஒரே முறையில் சோதிக்கப்பட வேண்டும் என்று இழுபட்டார்கள். சலிப்பான வேலை, ஒரு பத்திரிகையும் படம் போடாது. ஆனால் 86இல் யாரும் "உன் கணக்குப் பிழை" என்று சொல்ல முடியாமல் போனதற்கு அந்தச் சலிப்புத்தான் காரணம். இன்னொன்று, அந்த ஆணைக்குழுவின் செயலாளர் பதவிக்கு வழக்கமாக ஒரு நெதர்லாந்துக்காரரைத்தான் போடுவார்கள். ஆற்றின் வாலில் இருப்பவன், எல்லார் அழுக்கும் வந்து சேருகிற இடத்துக்காரன். எனக்கு இது மிகவும் பிடிக்கும்.

பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பதில் நல்ல கதை உப்புக் கதை. அல்சாஸில், மியூலூஸ் பக்கம், பிரான்ஸ் அரசின் பொட்டாஷ் சுரங்கங்கள் இருந்தன. உரத்துக்குப் பொட்டாஷை எடுத்துவிட்டு மிஞ்சிய உப்பை ரைனில் விட்டார்கள், நாளொன்றுக்குப் பத்தாயிரம் தொன்னுக்கும் மேல். கீழே நெதர்லாந்தில் பூக்கன்றும் மரக்கறியும் வளர்க்கிறவர்கள் அந்தத் தண்ணீரைத்தான் இறைக்க வேண்டும். செடி கருகியது. ஒரு நாற்றுப்பண்ணைக்காரர் வழக்குப் போட்டார். எங்கே போடுவது? சுரங்கம் பிரான்ஸில், நட்டம் நெதர்லாந்தில். ஐரோப்பிய நீதிமன்றம் 1976 நவம்பரில் சொன்னது: கெடுதல் செய்த இடத்திலும் போடலாம், கெடுதல் விழுந்த இடத்திலும் போடலாம், பாதிக்கப்பட்டவன் விருப்பம். மேல்நாட்டுக் கம்பனியைத் தன் ஊர் நீதிமன்றத்துக்கே இழுக்கலாம் என்று ஆனது.

மூன்று நாள் கழித்து, அதே வருடம் டிசம்பரில், அரசுகள் பொன் நகரில் உப்பு ஒப்பந்தம் எழுதின. உப்பைக் குறைக்கிற செலவை யார் கட்டுவது? பிரான்ஸ் 30 வீதம், ஜேர்மனி 30 வீதம், சுவிஸ் 6 வீதம். நெதர்லாந்து 34 வீதம். திரும்ப வாசியுங்கள். உப்புக் குடித்தவன்தான் எல்லாரையும் விடக் கூடக் கொடுத்தான்!

நியாயம் இல்லைதானே. அழுக்காக்கியவன் கட்ட வேண்டும் என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது. எனக்கும் முதலில் கோபம் வந்தது. ஆனால் பிரெஞ்சுக்காரனுக்கு உப்பை நிறுத்த ஒரு அவசரமும் இல்லை, அவன் தண்ணீர் குடிக்கிற இடத்தை உப்புத் தாண்டிப் போய்விடுகிறது. அவசரம் கீழே இருந்தவனுக்கு. அவசரப்பட்டவன் காசை எடுத்து மேசையில் வைத்தான்.

அப்புறமும் லேசாக நடக்கவில்லை. உப்பை அல்சாஸ் மண்ணுக்கு அடியில் செலுத்துவது என்று திட்டம். அங்கத்தைச் சனம் விடவில்லை, எங்கள் கிணறு கெடும் என்று எழும்பினார்கள். பிரான்ஸ் கையெழுத்தை உறுதிப்படுத்தாமல் இழுத்தது. 1979இல் நெதர்லாந்து தன் தூதுவரைப் பாரிஸிலிருந்து திருப்பி அழைத்தது, உப்புக்காக! ஒப்பந்தம் நடைமுறைக்கு வர 1985 ஆனது. கொடுத்த காசில் மிச்சம் எவ்வளவு என்று இரண்டு நாடும் நடுவர் மன்றத்துக்குப் போய்த் தீர்ப்பு வாங்கியது 2004இல். அதற்குள் சுரங்கமே மூடியாகிவிட்டது.

றொட்டர்டாம் துறைமுகம் செய்தது வேறு விதம். ஆறு கொண்டுவரும் சேற்றைத் தோண்டிக்கொண்டே இருந்தால்தான் கப்பல் வரலாம். சேறு நஞ்சு, கடலில் கொட்ட விடமாட்டார்கள். கடலோரத்தில் பெரிய குழி வெட்டி, 1987இலிருந்து அதற்குள் கொட்டினார்கள். அந்தச் செலவு தன் தலையில் விழுந்ததும் துறைமுகத்துக்குக் கோபம் வந்தது. சேற்றில் இருக்கிற நஞ்சு எந்தக் குழாயிலிருந்து வருகிறது என்று மேலே மேலே தேடிப் போனார்கள். பிடித்த கம்பனியிடம், குறைக்கிறாயா, நீதிமன்றத்தில் சந்திப்போமா என்று கேட்டார்கள். 1991இல் ஜேர்மன் இரசாயனக் கம்பனிகளின் சங்கம் அவர்களோடு ஒப்பந்தத்துக்கு வந்தது.

ஆகவே டீச்சர், என்னைக் கேட்டால், நாட்டு எல்லை அங்கே இடைஞ்சலாக இருந்ததை விட உதவியாக இருந்தது. எல்லையில் வைத்து அளக்கலாம். இந்தக் கோட்டைத் தாண்டும்போது இவ்வளவு உப்பு, இது உன்னுடையது என்று சொல்லலாம். தூதுவரைத் திருப்பி அழைக்கலாம். களனியில் யார் யாரைத் திருப்பி அழைப்பது?

சமன் மீன் விஷயத்தையும் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். 1990இல் சீக் என்கிற கிளையாற்றில் வந்து சேர்ந்துவிட்டது. இஃபெஸ்ஹைம் அணைக்கட்டில் 2000இலும் கம்ப்ஸ்ஹைமில் 2006இலும் மீன் ஏறப் படி கட்டினார்கள். ஆனால் 2020க்குள் பாசல் வரை தடையில்லாமல் ஏற வேண்டும் என்பது அடுத்த இலக்கு, அது தவறிவிட்டது. மேலே பிரெஞ்சு மின்சார அணைகள் நிற்கின்றன. முழுக்க வென்றுவிட்டார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம்.

நீந்துவது உண்மை. கோடையில் வேலை முடிந்ததும் உடுப்பையும் ஃபோனையும் மீன் மாதிரித் தைத்த பையில் போட்டு இறுக்கி, அதைப் பிடித்துக்கொண்டு ஆற்றோடு மிதந்து வீட்டுக்குப் போவார்கள். வங்கி மனேஜரும் போவார். நானும் போயிருக்கிறேன், மனிசி கடைசி வரை இறங்கவில்லை.

அம்பத்தளை_ஓய்வு:

பாசல் ஐயா எழுதியது அருமை. நான் தண்ணீர் ஆய்வுகூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன், களனித் தண்ணீரைக் குவளையில் வைத்துப் பார்த்தே தலை நரைத்தது. இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

களனிக்கு எல்லை இல்லை என்று யார் சொன்னது? 145 கிலோமீற்றர் ஆறு, வடிநிலம் சுமார் 2,290 சதுர கிலோமீற்றர். மத்திய மாகாணத்தில் பிறந்து, சப்ரகமுவவைக் கடந்து, மேல் மாகாணத்தில் கடலில் விழுகிறது. கீழ்ப்பகுதியில் ஒரு கரை கம்பஹா மாவட்டம், எதிர்க்கரை கொழும்பு மாவட்டம். அதற்குள் எத்தனை பிரதேச சபை, நகர சபை, மாநகர சபை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் பெரிய தொழிற்சாலைக்கு உரிமம் கொடுப்பது மத்திய சுற்றாடல் அதிகாரசபை. சின்னச் சின்னத் தொழில் என்றால் அந்த அதிகாரம் உள்ளூராட்சி சபைக்கு. குடிதண்ணீர் எடுப்பது நீர் வழங்கல் சபை. கரைக் காணி, மணல், வெள்ளம் என்று ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கந்தோர். ரைனில் ஒரு மேசை, இங்கே ஆளுக்கொரு மேசை.

அடுத்தது, எங்கள் தராதரம் ஒரு லீற்றரில் எத்தனை மில்லிகிராம் என்று கேட்கிறது. உள்நாட்டு நீர்நிலைக்கு விடும் கழிவுநீரில் உயிர்வேதி ஒட்சிசன் தேவை (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் இழுக்கும் ஒட்சிசன்) 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். பத்துத் தொழிற்சாலை தனித்தனியே 29 காட்டினால் பத்தும் பாஸ். ஆறு கேட்பது ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை கிலோ என்று. ஐயா சொன்ன "85இல் விழுந்ததில் பாதி" என்பது அந்தக் கேள்வி. அதைத்தான் நாங்கள் கேட்பதில்லை. பியகமவிலும் அவிசாவளை சீதாவாக்கையிலும் இருக்கும் ஏற்றுமதி வலயங்களுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் உண்டு, குழாய் எங்கே என்று தெரியும், போய்ப் பிடிக்கலாம். வாகனம் கழுவும் இடம், கோழிக் கடை, வீட்டுக் கான் எல்லாம் சேர்ந்து ஒரு வாய்க்காலாக வந்து விழும்போது யாரைப் பிடிப்பது?

2015 ஆகஸ்ட் ஞாபகம் இருக்கும். பியகமப் பக்கம் ஒரு குளிர்பானத் தொழிற்சாலையின் எண்ணெய் ஆற்றில் கலந்து, கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் குழாய்த் தண்ணீர் நின்றது. கொழும்புக்குப் போகும் தண்ணீரில் பெரும்பங்கு அம்பத்தளையில் இந்த ஒரு ஆற்றிலிருந்து எடுப்பது. எங்கள் சிவப்பு ஆறு அதுதான் என்று நினைக்கலாம். நாலு நாள் பேசினோம், தண்ணீர் வந்தது, விட்டோம்.

உப்பு எங்களுக்கும் உண்டு. அது கீழேயிருந்து வருகிறது. மழை குறைந்த மாதங்களில் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறி அம்பத்தளை வாசல் வரை வந்துவிடும், மணல் மூட்டை அடுக்கித் தடுத்த காலமெல்லாம் உண்டு. மேலே வருடக்கணக்காக மணல் அள்ளி ஆற்றுப் படுக்கை தாழ்ந்துபோனதால் கடல் இன்னும் சுகமாக ஏறுகிறது. கொழும்பில் எழும்பிய கட்டடங்களுக்கு மணல் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டால், உப்புக்கு யார் பில் கட்ட வேண்டும் என்று தெரியும்.

மவுசாக்கலை:

நான் மஸ்கெலியாப் பிள்ளை, இப்போது தெமட்டகொடையில் அறை எடுத்து வேலைக்குப் போகிறேன். டீச்சரின் கேள்வியில் தொடங்கி எல்லாம் வாசித்தேன். அம்பத்தளை அண்ணா கான், கோழிக் கடை வரை வந்து நின்றுவிட்டார். இன்னும் மேலே வாங்க.

களனியின் ஒரு கை மஸ்கெலி ஓயா, மறு கை கெசல்கமு ஓயா. எங்கள் லயத்துக்கு, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, கீழே ஓடுற ஓடை மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குப் போகும், அங்கிருந்து மின்சாரம் எடுத்து, பொல்பிட்டியப் பக்கம் இரண்டும் சேர்ந்து, கித்துல்கலையில் வெள்ளைக்காரன் படகு விடுற ஆறாகி, கடைசியில் உங்கள் குழாயில் வரும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் லயத்தில் கக்கூஸ் பாதி இடிந்து கிடந்தது. மழைக்கு அது எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. தேயிலைக்குப் போடுற உரமும் அதே ஓடைக்குத்தான். குடிக்கிற தண்ணி பீலியில், அந்தப் பீலிக்கு மேலேயும் ஒரு லயம்.

இதைச் சொன்னா உடனே "தோட்டத்துக்காரர்தான் ஆற்றைக் கெடுக்கிறார்கள்" என்பார்கள். கொழும்பில் ஒரு கூட்டத்தில் என் காதுபடவே ஒருவர் சொன்னார், எனக்கு டீ கொடுத்துக்கொண்டே. நாங்கள் நிலத்துக்குச் சொந்தக்காரர் இல்லை. கக்கூஸ் கட்டவும் தோட்டத்துரையிடம் கேட்க வேண்டும். அணை கட்டும்போது பழைய மஸ்கெலியா டவுனே கோயிலோடு தண்ணிக்குள் போனது. வரட்சிக்குத் தண்ணி வற்றினால் பழைய கோயில் வெளியே தெரியும், சனம் போய்ப் பார்க்கும். மின்சாரம் யாருக்குப் போனது? எங்கள் லயத்துக்குக் கரண்ட் வந்தது அதற்குப் பிறகு எத்தனையோ காலம் கழித்து.

அதனால் பாசல் ஐயா சொன்ன 34 வீதத்தைத்தான் நான் இரண்டு தரம் வாசித்தேன். கீழே தண்ணி குடிக்கிறவர் காசு போட்டால்தான் மேலே வேலை நடக்கும் என்றால், கொழும்புக்காரர் தண்ணிப் பில்லில் ஒரு பங்கு எங்கள் லயத்துக் குழிக்கக்கூசுக்கு வரட்டும். தர்மமாக இல்லை. அவர்கள் குடிக்கிற தண்ணிக்கு.

கொட்டாஞ்சேனை_07:

தங்கச்சி சொல்வது விளங்குகிறது. ஆனால் தண்ணிப் பில்லில் இன்னொரு வரி என்றால் எங்கள் தோட்ட வீடுகளில் என்ன நடக்கும் தெரியுமா? (கொழும்பில் நெருக்கமான ஏழை வீடுகள் இருக்கிற தோட்டத்தைச் சொல்கிறேன், தேயிலைத் தோட்டத்தை இல்லை.) ஒரு குழாய், ஐந்து குடும்பம், இப்போதே பில் கட்ட ஆளையாள் பார்க்கிறோம். அந்தக் காசும் மலைக்குப் போய்ச் சேரும் என்று என்ன உத்தரவாதம்? நடுவில் ஒரு ஜீப் வாங்குவார்கள்.

பாசல்_பழசு:

ஜீப் விஷயத்தில் தம்பியோடு எனக்கு வாக்குவாதம் இல்லை. அதனால்தான் உப்புக் காசின் மிச்சத்துக்கு நடுவர் மன்றம் வரை போனார்கள் என்று சொன்னேன். கொடுத்தவன் கணக்குக் கேட்டான். நாங்கள் வரி கட்டுவோம், கணக்குக் கேட்க மாட்டோம்.

யார் கட்டுவது என்பதிலும் ஐந்து குடும்பத்துக்கு ஒரு குழாய் என்று இருப்பவரை விட்டுவிடலாம். எங்கள் வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் மொட்டைமாடியில் நீச்சல் தொட்டி இருக்கிறது, நான் இருக்கிற கட்டடத்திலும்தான். அந்தத் தண்ணீரும் களனிதான். அங்கேயிருந்து தொடங்கட்டும். ஹோட்டல்கள், போத்தலில் அடைத்து விற்பவர்கள், வலயத்துத் தொழிற்சாலைகள் எல்லாம் பிறகு வரிசையில் நிற்கின்றன.

மவுசாக்கலைப் பிள்ளைக்கு ஒன்று. அல்சாஸ்காரர் உப்பை எங்கள் மண்ணுக்குள் விடாதே என்று மறித்தபோது, கீழே இருந்தவர்களுக்கு அவர்கள் வில்லனாகத் தெரிந்தார்கள். சுரங்கத்தில் வேலை செய்த சனமும் அங்கேதான் இருந்தது. மேலே இருக்கிறவன் பணக்காரன், கீழே இருக்கிறவன் பாவம் என்று ரைனில் ஓரளவு சொல்லலாம். களனியில் அது தலைகீழ். மேலே இருப்பது நாளுக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று கணக்குக் கொடுக்கிற சனம், கீழே இருப்பது தலைநகரம். நெதர்லாந்தே 34 கொடுத்தது என்றால் கொழும்பு அதை விடக் கூடக் கொடுக்க வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது. எத்தனை என்று எனக்குச் சொல்லத் தெரியாது, அதற்கு அம்பத்தளைத் தம்பி சொன்ன கிலோக் கணக்கு முதலில் வேண்டும்.

பாசலுக்குச் சற்றுக் கீழே, மூன்று நாட்டு எல்லையும் சந்திக்கிற இடத்துக்குக் கிட்ட, வைல் அம் ரைன் என்ற ஊரில் ஒரு அளவை நிலையம் இருக்கிறது. தீக்குப் பிறகு, 1993இல் தொடங்கியது. சுவிஸும் ஜேர்மனியும் சேர்ந்து நடத்துகின்றன. ஆற்றின் குறுக்கே பல இடங்களிலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுத்துச் சோதிப்பார்கள், வேண்டாதது ஏதும் தெரிந்தால் கீழே இருக்கும் தண்ணீர்ச் சபைகளுக்குத் தகவல் போகும், நெதர்லாந்து வரைக்கும். நஞ்சு வந்து சேர எத்தனை மணித்தியாலம் என்று கணக்குப் பார்க்கவும் ஏற்பாடு உண்டு. அந்த மாதிரி ஒன்று சப்ரகமுவவும் மேல் மாகாணமும் சந்திக்கிற இடத்தில் இருந்தால், கித்துல்கலைப் பக்கத்திலிருந்து என்ன வந்தது, அவிசாவளையிலிருந்து கீழே என்ன சேர்ந்தது என்று பிரித்துச் சொல்லலாம். தோட்டத்துப் பிள்ளையின் தலையில் எல்லாவற்றையும் கட்ட முடியாது.

முகத்துவாரம்_டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு பாடவேளைக்குக் கேட்டேன், ஒரு தவணைக்குத் தந்துவிட்டீர்கள். மியூலூஸ் உப்பையும் 34 வீதத்தையும் கதையாகச் சொல்லப் போகிறேன், பங்கை மட்டும் சொல்லாமல் விட்டு, யார் எவ்வளவு கொடுத்திருக்க வேண்டும் என்று பிள்ளைகளையே போட விடுவேன்.

மவுசாக்கலைத் தங்கச்சி, உங்கள் பழைய பள்ளிக்கூடத்தில் தெரிந்த ஆசிரியர் யாராவது இருந்தால் எனக்குத் தனிமடல் போடுங்கள். அங்கே ஒரு வகுப்பு, இங்கே ஒரு வகுப்பு, ஒரே நாளில் ஒரே மாதிரித் தண்ணீர் எடுத்துப் பார்த்து ஒருவருக்கொருவர் எழுதினால் என்ன? சிரமதான மூட்டையை விட உருப்படியாக இருக்கும் என்று தோன்றுகிறது. அம்பத்தளை அண்ணா, பள்ளிக்கூடத்தில் கருவி ஒன்றும் இல்லை. எதை அளக்கலாம்?

மவுசாக்கலை:

தனிமடல் போட்டிருக்கேன் டீச்சர். என்னோடு படித்த அக்கா ஒருவர் இப்போது அங்கேயே விஞ்ஞானம் படிப்பிக்கிறார். கேட்டேன், செய்யலாம் என்கிறார். போத்தலும் கருவியும் கொழும்புக்காரர் செலவு என்றும் சொல்லச் சொன்னார்.

அம்பத்தளை_ஓய்வு:

கொழும்புச் செலவுதான், வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிதாக ஒன்றும் வேண்டாம் டீச்சர். வெப்பநிலை, கலங்கல், மணம், நிறம், கண்ணுக்குத் தெரியும் பூச்சி புழு, இவ்வளவு போதும். கலங்கலுக்கு ஒரு நீளமான தெளிந்த பிளாஸ்டிக் குழாய், அடியில் கறுப்பு வெள்ளை வட்டம் ஒட்டி, வட்டம் மறையும்வரை தண்ணீர் ஊற்றி உயரத்தை அளக்கலாம். இரண்டு பள்ளிக்கூடத்துக்கும் ஒரே அளவுக் குழாய், நானே வெட்டித் தருகிறேன், தெர்மோமீற்றரும் இரண்டு தருகிறேன். அங்கே எடுத்த தண்ணீர் அன்றைக்கே உங்களிடம் வந்து சேராது, நடுவில் அணைகள் வேறு. அதனால் ஒரு நாள் எண்ணை வைத்து ஒப்பிட வேண்டாம், மாதத்தில் குறித்த ஒரு நாள், ஒரே மணிக்கு, ஒரு வருடமாவது விடாமல் எடுக்க வேண்டும். முன்தினம் மழை பெய்ததா என்று கட்டாயம் எழுதுங்கள்.

பிள்ளைகளைக் கரையில் இறக்காதீர்கள், முகத்துவாரத்தில் கரை நம்ப முடியாது. பாலத்தில் நின்று பெரியவர் ஒருவர் கயிறு கட்டின வாளியை விடட்டும். போத்தலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டாம், ஆற்றுத் தண்ணீராலேயே மூன்று தரம் அலசிவிட்டு நிரப்புங்கள். மஸ்கெலியா அக்காவும் அப்படியே செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு வகுப்பும் போத்தலுக்காகச் சண்டை பிடிக்கும்.